சினத்துக்கு ஒரு நோட்டு

காந்திபுரத்தில் அதிகாலை 5.15-க்கு ஏறிய டவுன் பஸ்ஸில் மகளிருக்கான கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார் கண்டக்டர். கணபதி, சிவானந்தபுரம் வழியாக சரவணம்பட்டி சுமார் 10 கிலோமீட்டர். பகலில் முக்கால் மணி நேரம் இழுக்கிற சத்தி ரோடு அந்த நேரத்தில் 20 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து போர்டுகளைப் படித்துக்கொண்டே வந்தேன். லேடீஸ் ஹாஸ்டல், பிரியாணி, வாடகைக்கு வீடு. இவற்றுக்கு நடுவே யோகா, ரெய்கி, ஹிப்னோதெரபி, குடும்ப கவுன்சலிங், 'மன அழுத்தத்துக்கு ஏழே நாளில் விடுதலை'. இந்தச் சாலையில் மனசுக்கு மருந்து தருவதாகச் சொல்லும் பலகைகள் இத்தனை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்க்கப்படும்வரை சரவணம்பட்டி ஒரு பேரூராட்சி. இன்று கீரணத்தம் பக்கத்து ஐ.டி. வளாகங்களுக்கு ராத்திரி ஷிப்ட் போய்த் திரும்பும் கார்கள் விடியும்போதே முக்கில் வரிசை கட்டுகின்றன. அவற்றிலிருந்து இறங்கியவர்களின் கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் தூக்கம். எதிர்ப்புறம் பால் கேனோடு ஒரு டிவிஎஸ் 50. மனக்காயத்துக்கு வழி உடம்பிலும் மூச்சிலும் இருக்கிறது என்று எல்லாப் பலகைகளும் சொல்கின்றன. அந்த வழியில் யாராவது நடக்கும்போது கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் வந்தேன்.

மெயின் ரோட்டிலிருந்து 200 மீட்டர் உள்ளே, ஒரு வீட்டின் மாடியில் மனவளக்கலை என்ற யோகப் பயிற்சியைச் சொல்லித்தரும் தவமையம். படிக்கட்டில் இருபது ஜோடிச் செருப்பு. நீள ஹால், சிமென்ட் தரை, அதன்மேல் சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட பவானி ஜமுக்காளம். முன்சுவரில், அந்தப் பயிற்சியை வகுத்த வேதாத்திரி மகரிஷியின் வெள்ளைத் தாடிப் படம். பக்கத்தில் ஆகஸ்ட் 30, மனைவி நல வேட்பு நாளுக்கான அறிவிப்பு. மகரிஷியின் மனைவி லோகாம்பாள் பிறந்த நாள் அது. அன்று கணவன் மலர் கொடுப்பார், மனைவி கனி கொடுப்பார். விருப்பப்பட்டவர்கள் காசு போட மூலையில் ஒரு மரப்பெட்டி. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"வாழ்க வளமுடன். உள்ள வாங்க கண்ணு, ஓரமா உக்காந்துக்கோங்க" என்றார் ஆசிரியர். அறுபது வயதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, கதர்ச் சட்டை. இங்கே வணக்கத்துக்குப் பதில், போனில் ஹலோவுக்குப் பதில், எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு சொற்கள்தாம்.

சரியாக 6 மணிக்குக் கைப்பயிற்சி. கைகளைச் சுற்றுவது, தோளை உருட்டுவது, இடுப்பைத் திருப்புவது. பிறகு கால், அதன்பின் நரம்பு தசைநார் மூச்சுப் பயிற்சி, கண், கபாலபதி, மகராசனம். உள்ளங்கையால் தன் உடம்பைத் தானே தேய்த்துவிடுவது ஒரு கட்டம். அக்குபிரஷர் முடிந்து, கடைசியாக உடல் தளர்த்தல். முதியவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் கஷ்டமில்லாத வரிசை. ஓர் அம்மா புடவையோடே எல்லாம் செய்தார். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்தவர்களும் உண்டு.

உடல் தளர்த்தலின்போதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மல்லாந்து படுத்திருந்தவர்களிடம் ஆசிரியர் பாதத்தில் தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, அங்கே மனசை வைத்துத் தளர்த்தச் சொன்னார். குதிகால், கெண்டைக்கால், முழங்கால் என்று குரல் மெதுவாக மேலேறியது. 1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-சின், நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சியிலும் உடம்பை இப்படி உறுப்பு உறுப்பாகக் கவனிக்கும் பாடம் உண்டு. அங்கே மாற்றச் சொல்லாமல் கவனிக்க மட்டும் சொல்வார்கள். இங்கே தளர்த்தவும் சொல்கிறார்கள். குரல் வயிற்றுக்கு வந்தபோது மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. யாரும் எழுந்து ஓடவில்லை, என்னாச்சு என்று கேட்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே தன் துண்டை அவர் கைப்பக்கம் நகர்த்தி வைத்தார். ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பெண் முகம் துடைத்து எழுந்து உட்கார்ந்தார்.

அடுத்தது ஆக்கினைத் தவம். புருவ மத்தியில் கவனத்தை நிறுத்தி உட்காருவது. குண்டலினி மேலேறுவதாக என்னிடம் விளக்கினார்கள். அதை நான் பார்க்கவில்லை, கண்ணுக்குத் தெரிகிற விஷயமும் இல்லை. நான் பார்த்தவை வேறு. முதல் ஐந்து நிமிடம் காதுப்பக்கம் தூக்கிக்கொண்டிருந்த தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. இறுகியிருந்த தாடைகள் விட்டுக்கொடுத்தன. ஒருவரின் கட்டைவிரல் மட்டும் கடைசிவரை தொடையில் தாளம் போட்டபடியே இருந்தது.

ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த ஓர் இளைஞர் கையில் ஸ்மார்ட் வாட்ச். தொடக்கத்தில் நாடித்துடிப்பு 92, முடிவில் 74. "பாத்தீங்களாக்கா? தவத்தோட பவர்" என்றார். எனக்கு அது போதவில்லை. கீழே டீக்கடைக்குப் போய், நடந்த படபடப்போடு நாடியைப் பிடித்து எண்ணினேன், 86. தவம் நடந்த அளவுக்கே 20 நிமிடம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்தேன். போனை எடுக்கவில்லை, யாரோடும் பேசவில்லை. மறுபடி எண்ணியபோது 77. ஒருவர் வாட்சும் ஒருவர் விரலும் ஆராய்ச்சி ஆகாது. ஆனாலும் அந்த 'பவரில்' ஒரு பங்கு வெறுமனே உட்காருவதற்குச் சேர வேண்டியது என்று எனக்குப் பட்டது. இந்த ஊரில் காலையில் 20 நிமிடம் சும்மா உட்கார ஓர் இடமும் கூட நாலு பேரும் கிடைப்பதே பெரிய விஷயம்.

டீ 15 ரூபாய், வர்க்கி 5. வகுப்பிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பஞ்சாலையில் முப்பது வருடம் சைடர், அதாவது நூற்பு இயந்திரம் பார்க்கும் வேலை. மில் மூடிய பிறகு இரண்டு வருடம் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "இங்க வந்த பொறவு பிரஷரே போயிருச்சுங்க" என்றார். டீ வந்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே சொன்னார்: "முழு மாத்திரை அரையாச்சுங்க. டாக்டருதான் குறைச்சாரு. நானா நிறுத்தலீங்." முதலில் சொன்னதைவிட இந்த அரை மாத்திரையை நான் அதிகம் நம்புகிறேன். வீட்டில் இப்போது பேச்சு உண்டா என்று கேட்டேன். "பேரன்கூட உண்டுங்க. மகன்கூட இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குது."

வெயில் ஏறவில்லை, ஆவணிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. துடியலூர் ரோட்டில் சுமார் 2 கிலோமீட்டர் நடந்து சின்னவேடம்பட்டி கௌமார மடாலயத்துக்குப் போனேன். சிரவை ஆதீனம் என்று தமிழ் படித்தவர்கள் அறிந்த இடம். சிரவணம்பட்டி என்ற பழைய பெயரிலிருந்து வந்த 'சிரவை'. இராமானந்த சுவாமிகள் நிறுவிய மடம். புலவர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளின் நூல்களை அச்சேற்றிக் காத்ததில் இந்த மடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மனசை ஆற்றும் இடங்களைத் தேடி வந்தவள் பலகை போட்ட இடங்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்று தோன்றியதால் இந்த நடை.

சந்நிதிக்கு வெளியே திண்ணையில் ஒரு பாட்டி திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தார். கேட்க யாருமில்லை, அவரும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. திருப்புகழின் சந்தம் மூச்சுவிட இடம் கொடுக்காது, அடி முடியும்வரை இழுத்துக்கொண்டே போகும். அவர் மூச்சு இழுக்கும் இடங்களை எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு ஏழு. சும்மா இருக்கும்போது நாமெல்லாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சுவிடுகிறோம். 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. லத்தீன் ஜெபமாலையையும் யோக மந்திரத்தையும் சொல்ல வைத்துப் பார்த்ததில், இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஆறு அளவுக்குக் கொண்டுவந்தன. அந்த வேகத்தில் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று ஒத்திசைகின்றன என்பது அவர்கள் கண்டது. மூச்சு நீளமாக வெளியேறும்போது வேகஸ் நரம்பு வேலை செய்து இதயத்தை நிதானப்படுத்துகிறது. பாட்டியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. எதற்காகப் பாடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். "வூட்டுக்காரரு போனதுல இருந்து பாடறேன் அம்மிணி. பாடாத அன்னிக்கு நெஞ்சு அடைக்குது."

மதியம் சத்தி ரோட்டில், மருந்துக் கடைக்கு மேலே ஓர் உளவியலாளரின் அறை. 45 நிமிடத்துக்கு 1,000 ரூபாய் என்று சுவரில் ஒட்டியிருந்தது. வாரம் ஒரு தடவை என்றால் மாதம் 4,000. பாட்டிக்கும் சைடருக்கும் இந்தக் கதவு திறக்காது. நாற்காலிகள் நான்கும் நிறைந்திருந்தன, இருவர் கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை. இரண்டு பேருக்கு நடுவே கிடைத்த பத்து நிமிடத்தில் அவர் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. முதல் நாள் அவரும் மூச்சைத்தான் கற்றுக்கொடுக்கிறார். ஆனால் எல்லோரையும் கண் மூடச் சொல்வதில்லை. பெரிய அடி வாங்கியவர்களுக்கு, குறிப்பாகச் சின்ன வயதில் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு, கண் மூடிய இருட்டில் அதே காட்சி திரும்ப வரலாம். அவர்களைக் கண் திறந்தபடி, பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் இருக்கும் பொருட்களைப் பார்க்கச் சொல்கிறார். பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. தியானத்தில் ஆழ்ந்தவர்களிலும் பயம், பதற்றம், தூக்கமின்மையைச் சந்தித்தவர்கள் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாமா என்ற எண்ணம் வருகிறது என்றால் முதலில் மனநல மருத்துவர்தான் என்றார். கோவை அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு வேண்டாம். மனநல உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

மாலை 6.30-க்கு மறுபடி மாடி ஏறினேன். அன்று அகத்தாய்வு, சினம் தவிர்த்தல் பாடம். எல்லோர் கையிலும் 20 ரூபாய் விலையுள்ள நோட்டுப் புத்தகம் ஒன்று, பேனா ஒன்று.

இந்தப் பாடத்தை வகுத்த வேதாத்திரி கூடுவாஞ்சேரியில் 1911-ல் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவர், தறி நடத்தியவர், குடும்பஸ்தர். பரஞ்சோதி மகானிடம் எளிய குண்டலினி யோகம் கற்றார். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சி தாண்டி ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயிலை எழுப்பினார். 2006-ல் மறைந்தார். வீட்டுக்குள் வரும் சண்டையை அறிந்த ஒருவர் வகுத்த பாடம் என்பது அதன் ஒவ்வொரு படியிலும் தெரிகிறது. காட்டுக்குப் போ, துற என்ற பேச்சே இல்லை. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியாக நான் யார் என்ற கேள்வி. மேலே போகும் முன் மாமியாரையும் மருமகளையும் தாண்டியாக வேண்டும்.

"போன ஒரு மாசத்துல யாரு மேல கோவம் வந்துச்சோ, அத்தன பேரையும் எழுதுங்க. எதுக்கு வந்துச்சு, நாம என்ன பண்ணுனோம், அதுனால என்னாச்சு. ஒளிக்க வேண்டாமுங்க, யாரும் வாங்கிப் பாக்க மாட்டோம்" என்றார் ஆசிரியர். இந்த ஆசிரியர் தானாகவே இன்னொரு கட்டமும் போட வைக்கிறார்: கோபம் உடம்பில் எங்கே முதலில் தெரிந்தது? தாடை, பின்கழுத்து, வயிறு, உள்ளங்கை. எழுதும்போதே சிலர் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். சொல்லாக மாறாத உணர்ச்சியை உடம்பில் தேடிப் பிடிக்கும் இந்த வேலையை மையமாக வைத்தே உளவியலாளர் யூஜின் ஜென்ட்லின் 1978-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அரை மணி நேரம் பேனாச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் மட்டும். 1986-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் அமெரிக்காவில் மாணவர்களை நான்கு நாள், தினமும் 15 நிமிடம், மனசைப் புண்படுத்திய சம்பவத்தை எழுத வைத்தார். எழுதிய நாட்களில் அவர்கள் வருத்தமாகத்தான் இருந்தார்கள். பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்திருந்தது. இந்த மாடியிலும் எழுதி முடித்த முகங்களில் நிம்மதி தெரியவில்லை, களைப்புத் தெரிந்தது. பலகைகளில் வாக்களிக்கிற உடனடி அமைதியை நான் இங்கே காணவில்லை. காணாததால்தான் நம்பிக்கை வந்தது.

விருப்பப்பட்ட ஐந்து பேர் நோட்டைக் காட்டினார்கள். ஐந்திலும் முதல் மூன்று வரிகள் வீட்டு ஆட்கள். கணவர், மூத்த மகன், மாமியார், நாத்தனார். காலையில் வாட்ச் காட்டிய இளைஞரின் பட்டியலில் டீம் லீடர் வருவார் என்று நினைத்தேன். வந்தார், நான்காவதாக. முதல் வரியில் 'அப்பா' என்றிருந்தது. எதிரே 'கழுத்து' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்.

பக்கத்துச் சுவரில் கவலைக்கான அட்டவணை. பிரச்சினைகளை நான்காகப் பிரிக்கச் சொல்கிறது: உடனே தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை. முன்பு ஒரு வகுப்பில் ஒரு பெண் மகளிர் குழுக் கடனை முதல் கட்டத்திலும் மகள் கல்யாணத்தை இரண்டாம் கட்டத்திலும் போட்டிருந்தார். இரண்டும் இதுவரை ஒரே மூட்டையாகத் தலையில் இருந்ததாம். பிரித்த பிறகு வங்கிக்குப் போய் மேனேஜரைப் பார்த்து வந்திருக்கிறார்.

எழுதியவுடன் கண் மூடி, பட்டியலில் உள்ள ஒருவர் முகத்தை நினைத்து, 'வாழ்க வளமுடன்' என்று மனசுக்குள் வாழ்த்த வேண்டும். ஒரு பெண் கண்ணைத் திறந்துவிட்டார். "இவங்களுக்கு மட்டும் வரலீங் ஐயா." "வேண்டாம் அம்மிணி. அந்தப் பேர அப்பிடியே வெச்சிருங்க. அடுத்தவங்களுக்குப் போங்க." வற்புறுத்தவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு உள்ளே இருந்த கேள்வி வெளியே வந்துவிட்டது. தினம் அடிக்கிற புருஷன் இருந்தால்? அந்தக் கோபம் நியாயமானதுதானே? ஆசிரியர் கொஞ்சம் யோசித்தார். "அடி வாங்கறவங்கள வாழ்த்திட்டு உக்காருன்னு சொல்ல மாட்டேனுங்க. மகளிர் உதவி எண் 181-க்குப் போன் பண்ணச் சொல்லுவேன். கோவம் அவங்களக் காப்பாத்துதுன்னா அது இருந்துட்டுப் போகட்டும்." இந்தப் பதிலை எல்லா மையங்களிலும் எதிர்பார்க்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். எல்லா மையங்களிலும் இருந்தாக வேண்டிய பதில் இது.

கிளம்பும்போது மேஜையில் வருகைப் பதிவேடு. "வந்தவங்க விடவே மாட்டாங்க" என்று காலையில் ஒருவர் சொல்லியிருந்தார். புரட்டினேன். இந்தக் குழுவின் முதல் வாரத்தில் 34 கையெழுத்து. அன்று மாலை 13. விட்டவர்களை யாராவது விசாரித்தார்களா என்று கேட்டேன். "தொந்தரவா நெனச்சுக்குவாங்களோன்னு கூப்படறதில்லீங்." நின்றுபோன 21 பேரில் நன்றாகித் தேவையில்லாமல் நின்றவர்களும் இருக்கலாம். ரொம்ப வலித்து நின்றவர்களும் இருக்கலாம், அவர்களுக்குத்தான் ஒரு போன் தேவை என்று சொன்னேன். சொல்லாமல் வர என்னால் முடியவில்லை.

அவர் மறுக்கவில்லை. பதிவேட்டை மடியில் வைத்து அப்போதே மூன்று பேரைக் கூப்பிட்டார். ஒருவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டா என்று கேட்டார். ஒருவர் அம்மாவை மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் ஒரு பெண். கண் மூடினாலே பயமாக இருந்தது, ராத்திரியில் தூக்கமும் போயிற்று, சொல்ல வெட்கமாக இருந்ததால் நின்றுவிட்டேன் என்றார். நான் மதியம் கேட்டு வந்ததை ஆசிரியரிடம் மெதுவாகச் சொன்னேன். "கண்ணத் தொறந்துட்டே உக்காரலாம் சாமி, தப்பே இல்ல. இப்போதைக்கு தவம் வேண்டாம், கைப்பயிற்சி மட்டும் பண்ணுங்க. நம்பர் ஒண்ணு சொல்றேன், எழுதிக்குங்க" என்று சொல்லி, 14416-ஐ ஒவ்வோர் எண்ணாக இரண்டு தடவை சொன்னார். பாக்கி 18 பேரை மறுநாள் காலை வகுப்புக்குப் பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வைத்தார்.